வெடித்த கடைசல் சாமானுக்கு என்ன விலை?

காலையில் கடையைத் திறந்து, தட்டில் அடுக்கியிருக்கும் மரக் கிண்ணமொன்றைத் தூசு துடைக்கக் கையில் எடுக்கிறோம். நேற்று வரை இல்லாத ஒரு கோடு, விளிம்பிலிருந்து அடி வரை ஓடியிருக்கிறது. மரச் சாமான் வியாபாரத்தில் இருக்கும் எம்மில் எவருக்கும் இது புதிய காட்சியல்ல. அடுத்து என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. பெரும்பாலானோர் அதைப் பட்டறைக்கு அனுப்பி, புட்டி வைத்து, அரத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே ஒரு பூச்சு பொலிஷ் அடித்து மீண்டும் தட்டில் வைத்துவிடுகிறார்கள். நானும் பல வருடங்களாக அதைத்தான் செய்தேன். அதற்கு நான் கொடுத்த விலையையும், அதன் பிறகு கற்றுக்கொண்டவற்றையும் சக வியாபாரிகளுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

எமது கடை கண்டி - மாத்தளை வீதியில் இருக்கிறது. வாப்பா காலத்தில் கட்டில் கால், தொட்டில் கம்பு, ரொட்டி தேய்க்கும் கட்டை என்று லேத்தில் கடைந்த சாமான்கள்தான் பிரதானம். கிண்ணம், பூச்சாடி, லேம்ப் ஸ்டாண்ட் எல்லாம் உல்லாசப் பயணிகளை நம்பி நான் பிறகு சேர்த்தவை.

2013 ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு ஹோட்டலுக்கு 60 லேம்ப் ஸ்டாண்ட் ஓடர் கிடைத்தது. மஹோகனி மரம். ஒவ்வொன்றும் 14 அங்குல உயரம், அடிப்பக்கம் 5 அங்குலக் கனம். ஆறு வாரம் தவணை. காய்ந்த மரம் என்று மரக்காலையில் சொன்னதை நான் நம்பினேன். நம்பினேன் என்பதை விட, அவசரத்தில் நம்ப விரும்பினேன் என்பதே சரி. கடையும்போதே பதினைந்து பதினாறு துண்டுகளில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்திருக்கின்றன. பாஸ் என்னிடம் சொல்லவில்லை. அடைத்து நிறம் ஏற்றிவிட்டார். லொறியில் ஏற்றும்போது இரண்டு மூன்றை நானே கண்டேன். நானும் ஹோட்டலுக்குச் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் தொலைபேசி வந்தது. போய்ப் பார்த்தால், இரவு பகலாக ஏசி ஓடும் அறைகளில் 22 ஸ்டாண்டுகள் வாய் பிளந்து நிற்கின்றன. சிலவற்றில் புட்டி பற்பசை மாதிரித் தனியாகக் கழன்று தொங்கியது. 22 இற்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது பெரிய வலியல்ல. கொள்வனவு அதிகாரி கோபப்படவே இல்லை. "ஹாஜியார், அனுப்பும்போதே உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். (நான் அப்போது ஹஜ் செய்திருக்கவில்லை. தொப்பி போட்ட முதலாளிமாரையெல்லாம் கொழும்பில் அப்படித்தான் அழைப்பார்கள். அன்றைக்கு அந்த வார்த்தை நன்றாகவே குத்தியது.) என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த ஓடர் 120 துண்டு என்று முன்பே பேச்சு இருந்தது. அது வேறொருவருக்குப் போய்விட்டது.

குறையைச் சொல்லி விற்பது பற்றி இப்பத்திரிகை வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். எனக்குத் தெரியாமல் இருந்தது மரத்தைப் பற்றித்தான்.

மரம் ஏன் வெடிக்கிறது?

பச்சை மரத்துக்குள் இரண்டு விதமாகத் தண்ணீர் இருக்கிறது. ஒன்று நார்களின் உள்ளே உள்ள வெற்றிடத்தில் நிற்கும் தண்ணீர். அது வெளியேறும்போது மரம் பாரம் குறையுமே தவிர சுருங்காது. மற்றது நாரின் சுவருக்குள்ளேயே ஊறியிருப்பது. ஈரம் 28, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது இந்த இரண்டாவது தண்ணீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கம் அப்போதுதான் ஆரம்பம். வியாபாரிகளாகிய எம்மை ஏமாற்றுவது இந்த இடம்தான். பாரம் குறைந்த கட்டையைத் தூக்கிப் பார்த்துக் "காய்ந்துவிட்டது" என்கிறோம். உண்மையில் வெடிக்க வேண்டிய காலம் இனித்தான் வருகிறது.

இன்னொன்று, மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளப்பாட்டில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே மரத்தின் நடுக்குருத்து உள்ளே இருக்கும்படி முழு உருளையாகக் கடைந்தால், சுற்றளவு இழுக்கும், நடு விட்டுக்கொடுக்காது. எங்காவது ஓரிடத்தில் பிளந்தே தீரும். எனது லேம்ப் ஸ்டாண்டுகளில் திரும்பி வந்தவை பெரும்பாலும் நடுக்குருத்து உள்ளே இருந்தவைதான். 5 அங்குலக் கனத்துக்குப் பெரிய மரம் வாங்கினால் விலை கூடும் என்று, சிறு மரங்களை அப்படியே துண்டு போடச் சொன்னவன் நான். அந்தச் சிக்கனத்தில் மிச்சம் பிடித்த பணத்தை விடப் பல மடங்கு கையை விட்டுப் போனது.

மூன்றாவது, சாமான் போய் நிற்கும் இடம். கொழும்பின் திறந்த காற்றில் கிடக்கும் மரம் ஏறக்குறைய 14 முதல் 16 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். ஏசி அறைக்குள் அதே மரம் 9, 10 சதவீதத்தை நோக்கி இறங்கும். ஆக, எமது கடையில் ஒரு வருடம் வெடிக்காமல் நின்றது என்பது ஹோட்டல் அறைக்கு உத்தரவாதமாகாது. இப்போது ஓடர் எடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "ஏசி உள்ள இடமா?" என்பது.

காய்ந்ததா என்று அறிய விலை கூடிய கருவி வேண்டியதில்லை. கடையிலுள்ள தராசு போதும். துண்டில் திகதியையும் நிறையையும் பென்சிலால் எழுதி, வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைந்துகொண்டே வந்தால் மரம் இன்னும் காய்கிறது. நாலைந்து வாரம் ஒரே நிறையில் நின்றால் அந்த இடத்துக்கு அது காய்ந்துவிட்டது. கிண்ணம் கடைபவர்கள் இரண்டு தடவையாகக் கடைவது உலகெங்கும் உள்ள வழக்கம். முதலில் பச்சையாக, விட்டத்தில் பத்திலொரு பங்கு கனம் விட்டு, அதாவது 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலச் சுவர் வைத்து, பருமட்டாகக் கடைந்து காய வைப்பார்கள். காயும்போது அது முட்டை வடிவாகக் கோணினாலும் பரவாயில்லை. காய்ந்த பிறகு லேத்தில் ஏற்றி வட்டமாக்கி முடிப்பார்கள். மரத்தின் வெட்டுமுகங்களுக்கு வாங்கிய அன்றே மெழுகோ பழைய பெயின்ட்டோ பூசி வைப்பதும் அவசியம். தண்ணீர் வெட்டுமுகத்தால்தான் பல மடங்கு வேகமாக வெளியேறுகிறது. லொறியால் இறக்கி ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு பூசுவதில் பயனில்லை.

அரத்தாளும் வெடிப்பை உண்டாக்கும்

இதை எனக்குச் சொன்னவர் எமது பட்டறையில் இப்போது வேலை செய்யும் வயதான பாஸ். மொரட்டுவைப் பக்கம் நெடுங்காலம் லேத்தில் நின்றவர். முதல் நாளே எமது பட்டறைப் பொடியன் அரத்தாளை அழுத்திப் பிடித்திருந்ததைப் பார்த்து, கையைத் தட்டிவிட்டு, "மரத்தைத் தொட்டுப் பார் மகன்" என்று சிங்களத்தில் சொன்னார். மரம் சுட்டது. உராய்வுச் சூட்டில் மேற்பரப்பு மாத்திரம் சட்டென்று காய்ந்து, வெட்டுமுகம் வரும் இடங்களில் மெல்லிய மயிரிழை வெடிப்புகள் விழும். பொலிஷ் அடித்த பிறகுதான் அவை கண்ணுக்குத் தெரியும். மரம் பிழை என்று அதுவரை நான் திட்டியவற்றில் எத்தனை இப்படி வந்ததோ!

அவர் கையாளும் முறை சாதாரணமானது. லேத்தின் வேகத்தைக் கடையும் வேகத்தை விடக் குறைப்பார். தாளை மூன்றாக மடித்துப் பிடிப்பார். விரலில் ஒருபோதும் சுற்ற மாட்டார். சுற்றினால் தாள் சிக்கும்போது விரலும் போகும். ஓரிடத்தில் நிறுத்தாமல் கையை அசைத்துக்கொண்டே இருப்பார். இலக்கம் 80 அல்லது 120 இல் தொடங்கி 180, 240, 320 என்று வரிசையாகப் போவார், இடையில் தாண்டுவதில்லை. 80 இன் கீறலை 320 ஆல் அழிக்க முயல்வதால்தான் அழுத்தமும் சூடும் கூடுகின்றன. ஒவ்வொரு இலக்கமும் முடிந்த பிறகு லேத்தை நிறுத்தி, மர நாரின் போக்கில் கையால் ஒரு தடவை தேய்ப்பார். லேத் சுழலும்போது விழும் கீறல்கள் நாருக்குக் குறுக்காகச் சுற்றி விழுவதால், அவை பொலிஷில் வளையம் வளையமாகத் தெரியும். தேய்ந்த தாளை எறியத் தயங்கக் கூடாது என்பதில் அவருக்கும் எனக்கும் இன்னும் சண்டைதான். தாளின் விலை எனக்குத்தானே தெரியும்! ஆனால் தேய்ந்த தாள் வெட்டுவதில்லை, சூடாக்க மட்டுமே செய்கிறது என்று அவர் சொல்வது சரி.

மரத்தூள் விடயத்தில் எமது பட்டறைகள் மிகவும் அலட்சியமாக இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995 இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. கைக்குட்டை கட்டுவது போதாது, தூசுக்கான முகமூடி வாங்கிக் கொடுங்கள். சாரத்தோடும் நீளக் கையோடும் லேத்தில் நிற்க விடாதீர்கள். வெடிப்புள்ள கட்டை சுழலும்போது பிளந்து பறக்கவும் கூடும். ஏற்றுவதற்கு முன் கட்டையை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது நல்லது. நல்ல கட்டை கணீரென்று ஒலிக்கும். வெடித்தது மொத்தையாக ஒலிக்கும்.

எதை அடைக்கலாம், எதை அடைக்கக் கூடாது?

முதலில் அடைக்கக் கூடாததைச் சொல்கிறேன். பாரம் தாங்கும் எதிலும் வெடிப்பை அடைத்து விற்காதீர்கள். கதிரைக் கால், கட்டில் கால், படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பு இவற்றில், அதுவும் பொருத்து வரும் இடத்தில் வெடிப்பு இருந்தால் அது விறகு. உணவு வைக்கும் கிண்ணத்திலும் அடைத்த வெடிப்பை நான் விரும்புவதில்லை. கழுவக் கழுவ மரம் விரிந்து சுருங்கும். அடைப்பு ஓரத்தில் இடைவெளி விட்டு அழுக்குத் தங்கும். மரம் காயவில்லையென்றால் எதையுமே அடைக்கக் கூடாது. வெடிப்பு மேலும் அகன்றால் அடைப்பு கழன்று விழும். மழைக் காலத்தில் மரம் விரிந்து வெடிப்பு மூட முயன்றால், அடைப்பு பிதுங்கி வெளியே வரும்.

காய்ந்த மரத்தில், அழகுச் சாமானில் உள்ள மயிரிழை வெடிப்புக்கு, தண்ணீர் போல் இளகிய சுப்பர் குளூவும் அதே மரத்தின் தூளும் போதும். இலக்கம் 120 வரை தேய்த்த பிறகு வெடிப்பை ஊதித் துப்புரவாக்கி, தூளை உள்ளே அழுத்தி, குளூவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதற்கு முன் வெடிப்பைச் சுற்றி ஒரு பூச்சு சீலர் பூசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குளூ நாருக்குள் ஊறிக் கறை படியும், பிறகு நிறம் பிடிக்காது. வழிந்த குளூவைப் பருத்தித் துணியால் துடைக்கவே கூடாது. பருத்தி பட்டதும் சூடேறிக் கையைச் சுட்டுவிடும். வெள்ளைப் பசையில் மரத்தூளைக் குழைத்துப் பூசும் எமது பழைய வழக்கம் மிக நுண்ணிய வெடிப்புக்கு மட்டும் பரவாயில்லை. பெரிய வெடிப்பில் அது காய்ந்து குழி விழும். பொலிஷும் அந்த இடத்தில் வேறு நிறமாக நிற்கும்.

அகலமான வெடிப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதே மரத்தில் மெல்லிய சிராய் சீவி, நாரின் போக்கு ஒத்துவரும்படி ஆப்பு மாதிரிப் பசையோடு இறக்குவது. காய்ந்த பிறகு உளியால் மட்டமாக்கினால், நல்ல கைகாரன் செய்ததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மற்றது எபொக்சி. இரண்டு குப்பிகளையும் அதில் குறிப்பிட்ட அளவுப்படி கலந்து, அடிப்பக்கம் டேப் ஒட்டி, மெதுவாக ஊற்ற வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை விட, மெதுவாக இறுகும் வகைதான் ஆழமாக இறங்கும். நன்றாக இறுகும் முன் தேய்த்தால் தாளில் அப்பிக்கொள்ளும். இறுகிய எபொக்சி பல மரங்களை விடக் கடினமானது. வெறும் விரலால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் சுற்றியுள்ள மரம் தேய்ந்து அடைப்பு மேடாக நிற்கும். முதலில் கூரான உளியால் மட்டமாக்கி, பிறகு தாளுக்குப் பின்னால் ஒரு கட்டையை வைத்துத் தேய்க்க வேண்டும்.

இனி நிறம். நாம் எல்லோரும் செய்யும் தவறு, அடைப்பை மரத்தின் இன்றைய நிறத்துக்கு ஒப்பாக்குவது. பலா மரம் வெட்டிய புதிதில் மஞ்சள். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொன்னிறமாகி, பிறகு கடும் கபில நிறமாகும். மஹோகனியும் கறுத்துச் சிவக்கும். ஆனால் அடைப்பு இன்றைய நிறத்திலேயே நிற்கும். விற்கும் அன்று கண்ணுக்குத் தெரியாத அடைப்பு, ஒரு வருடத்தில் வாடிக்கையாளரின் வீட்டில் வெள்ளைத் தழும்பாகத் தெரியும். அப்போது அவர் நினைப்பது மரத்தை அல்ல, எம்மைத்தான். ஆகவே எபொக்சியில் கோப்பித் தூளோ கரித்தூளோ கலந்து, மரக்கணு போன்ற கரிய நிறத்திலேயே விட்டுவிடுகிறோம். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கத் தச்சரான ஜோர்ஜ் நகஷிமா (1905 - 1990) மேசைப் பலகைகளின் வெடிப்பை மறைக்காமல், அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் மரத்துண்டுகளைப் பொருத்தி விட்டார். இன்று அவரது மேசைகளுக்கு உள்ள விலை தளபாட வியாபாரிகளுக்குத் தெரியும். நாம் நகஷிமா அல்ல, உண்மைதான். ஆனாலும் தெரியும்படி விட்ட வெடிப்புக்கும் வாங்க ஆள் இருக்கிறது.

கூலியில் இருந்த பிழை

இவ்வளவும் தெரிந்த பிறகும் வெடிப்புகள் எனக்குத் தெரியாமல் அடைபட்டுக்கொண்டுதான் இருந்தன. ஏன் என்று விளங்க எனக்கு நாள் எடுத்தது. பழைய பாஸுக்கு நான் துண்டுக் கணக்கில் கூலி கொடுத்தேன். வெடித்த துண்டுக்குக் கூலி இல்லை. அரை நாள் நின்று கடைந்த மனிதன், கடைசியில் ஒரு மயிரிழைக் கோடு வந்ததற்காகத் தன் கூலியை விட்டுக்கொடுப்பானா? அடைத்துத்தான் தருவான். மரம் வாங்கியது நான், நட்டத்தை ஏற்றியது அவர் தலையில். ஹோட்டல்காரர் என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடம் நான் கேட்டேன். அவர் சொன்னார்: "சொன்னால் முதலாளி சல்லி தரமாட்டீங்களே."

அவர் பிறகு விலகிப் போய்விட்டார். போகுமுன் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

இப்போதுள்ள ஏற்பாடு இதுதான். அடைப்பதற்கு முன் காட்டினால், வெடித்த துண்டுக்கும் முழுக் கூலி. பாஸ் அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார். அடைக்கலாமா, விறகா என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம். அடைத்தவை கடையில் தனித் தட்டில் இருக்கும். சிவப்பு நூலை அவிழ்ப்பதில்லை. விலை மூன்றிலொரு பங்கு குறைவு. ஆரம்பத்தில் என் மகன் "வாப்பா, குறையை நாமே விளம்பரம் பண்ணுகிறோமே" என்று கேட்டான். முதல் ஆறு மாதம் அந்தத் தட்டில் வியாபாரம் மந்தம்தான்; பொய் சொல்லவில்லை. ஆனால் நூல் எதற்கு என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. விளக்கம் சொன்னதும், மற்றத் தட்டில் நூல் இல்லாததை எடுத்து முழு விலைக்கு வாங்கிக்கொண்டு போனவர்கள் பலர். பேரம் பேசுவதும் அங்கே குறைந்தது.

முழுக் கூலி கொடுப்பதால் செலவு கூடியது உண்மை. அதைச் சமாளிக்க வேண்டிய இடம் மரக்காலை என்பது அதன் பிறகுதான் புரிந்தது. நடுக்குருத்துள்ள மரத்தைக் கனமான சாமானுக்கு எடுப்பதை நிறுத்தினேன். மரத்தை ஓடர் வந்த பிறகு தேடாமல், கையில் காசு உள்ளபோது வாங்கி வைக்கிறேன். முதல் முடங்குகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த 22 ஸ்டாண்டுகளில் ஒன்றை மேசையில் வைத்திருக்கிறேன், அதைப் பார்த்துக்கொள்வேன்.

போன மாதம் ஒரு ஓடர் வந்தது, புதிதாகத் திறக்கும் ஒரு விடுதிக்கு 40 லேம்ப் ஸ்டாண்ட். ஏசி உள்ள அறைகள். மூன்று வாரத்தில் வேண்டுமாம். மரம் இருக்கிறது, ஆனால் தராசில் நிறை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். இரண்டரை மாதம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.